தவறான பக்கத்தில் விட்ட இடம்

இர்பித் நகரின் பல்கலைக்கழகத் தெருவில் ஓர் இனிப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஐந்து பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம் உண்டு. நால்வர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். ருவைதா நின்றபடி பார்ப்பாள், நடந்தபடி பார்ப்பாள், சன்னல் விளிம்பில் ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் தொடைமேல் ஏந்தியபடி பார்ப்பாள். அவளுடைய நாற்காலியில் அவள் பையும் மேலங்கியும்தான் உட்கார்ந்திருக்கும்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. "காலில் சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அவள் அம்மா உம்ம் ரஃபத் பெண் பார்க்க வந்தவர்களிடமே சொல்லிவிட்டாள். ஒளிவுமறைவு கூடாது என்பது அந்த அம்மாவின் கொள்கை. வந்தவர்கள் சிரித்தார்கள், தேநீர் குடித்தார்கள், போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். ருவைதாவுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியாக வந்த பையனின் போனில் திரை கீறியிருந்தது என்பதும், எழுத்தை மிகப் பெரிதாக வைத்திருந்தான் என்பதும் மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அவள் தொழில் அப்படி. செயலிகளின் திரையை அமைப்பது அவள் வேலை: எந்த எழுத்து எங்கே, எந்தப் பொத்தான் எவ்வளவு பெரிது, எது எதை மறைக்கக்கூடாது. பேருந்தில் போனால் பக்கத்தில் இருப்பவர்களின் போனை எட்டிப் பார்ப்பாள். ஒரு தடவை ஓர் அம்மாள், "என் மருமக எனக்கு எழுதினதைப் படிக்கிறியா?" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். ருவைதா படிக்கவில்லை. அந்தச் செய்தியின் கடைசி வரி அடியிலுள்ள விசைகளுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அந்த அம்மாளிடம் விளக்கப் போய் இன்னும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

போன் திரையின் உச்சியில் மணியும் மின்கலமும் காட்டும் ஒரு பட்டை இருக்கிறதே, அடியில் பின்செல்ல, முகப்புக்குப் போக என்று மூன்று விசைகள் இருக்கும் இன்னொரு பட்டை இருக்கிறதே, அவை இரண்டும் செயலி எழுதுகிறவனுக்குச் சொந்தமில்லை, போனுக்குச் சொந்தம். முன்பெல்லாம் நடுவில் இருக்கும் இடத்தை மட்டும் கொடுத்து, இதற்குள் இருந்துகொள் என்பார்கள். நிம்மதி. அப்புறம் புது விதி வந்தது: திரை முழுக்க உனக்கே, ஆனால் பட்டைகள் அங்கேயேதான் இருக்கும், இடம் விட்டுக் கட்டிக்கொள்வது உன் பாடு. வீட்டுக்காரர் மொட்டைமாடி முழுவதும் உனக்கென்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிகளை எடுக்காமல் விட்டது மாதிரிதான். உலகத்தில் உள்ள செயலிக்காரர்கள் எல்லாரும் அந்தத் தொட்டிகளில் முட்டிக்கொண்டார்கள். ருவைதா முட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

அவர்கள் எழுதிய செயலிகளில் ஒன்று, சிறுநீரகம் பழுதானவர்களைக் கிராமங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகும் வேன்களுக்கானது. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது, பதினொரு வேன்கள். ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்று வாரம் மூன்று நாள் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளாவிட்டால் அந்த மனிதர்கள் பிழைப்பது கடினம். ஓட்டுநரின் போனில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வரும். ஆள் ஏறியதும் பச்சைப் பொத்தானைத் தொட வேண்டும், அடுத்த அட்டை வரும். ஆள் வரவில்லை என்றால் பின்செல்லும் விசை. அட்டை மூடிக்கொள்ளும், "ஓட்டுநர் நீக்கினார்" என்று பதிவாகும். ஆரம்பத்தில் "உறுதியா?" என்று ஒரு கேள்வியும் கேட்டது. ஓட்டுநர்கள் தொல்லை என்றார்கள், முதலாளி முஹன்னத் அதை எடுக்கச் சொல்லிவிட்டான். வாடிக்கையாளன் கேட்டதைக் கொடு என்பது அவன் மந்திரம். நல்லவன்தான், ஐந்து குடும்பத்துக்குச் சோறு போடுகிற கவலையில் பாதி முடி கொட்டியவன்.

புது விதிக்கு ஏற்ப ருவைதா திரையை மாற்றி அனுப்பிய வாரத்தில், செவ்வாய்க்கிழமை, ஹாஜி மித்கால் விடிகாலை ஐந்தேகாலுக்குத் தன் ஊரின் சாலை ஓரத்தில் வந்து நின்றார். எழுபத்தொரு வயது. வேன் வரவில்லை. வரும் வரும் என்று நான்கு மணி நேரம் நின்றார். மகன் லுவாய் தலைநகர் அம்மானில் வேலையில் இருந்தான்; அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கிழவருக்கு வைராக்கியம். அறக்கட்டளைக்குப் போன் செய்தால், வண்டி வந்துவிட்டுப் போனதாகப் பதிவு இருக்கிறது என்றார்கள். அடுத்த நாள் நெஞ்சில் நீர் கட்டி, மூச்சு வாங்கி, அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அது மயிரிழை.

அன்றைக்கு வேனை ஓட்டியவன் ஃபவாஸ், ஊரில் அபூ யஸன் என்பார்கள். அது அவனுடைய வழக்கமான பாதை இல்லை. அதை ஓட்டுகிறவனுக்கு வீட்டில் திருமணம், இரண்டு வாரம் விடுப்பு, இவனை மாற்றிவிட்டிருந்தார்கள். தன் பாதையில் ஃபவாஸுக்கு எல்லாரும் மனப்பாடம், போனையே பார்க்க மாட்டான். அந்தப் பாதையில் அன்று இரண்டே பேர், அவன் போன் காட்டியபடி போனான். பதிவேடோ கண்ணாடிபோலச் சொன்னது: ஐந்து இருபத்தெட்டுக்கு ஓட்டுநர் ஹாஜி மித்காலை நீக்கினார். ஃபவாஸ் குர்ஆன் மீது சத்தியம் செய்தான், நான் நீக்கவில்லை என்று. பொறி பொய் சொல்லுமா என்றார்கள். அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நோயாளியை ரோட்டில் விட்டுவிட்டுப் போனவன் என்று ஊர் பேச ஆரம்பித்தது. நம் ஊர் வாய்க்கு மூடி கிடையாது.

ருவைதா பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஹாஜி மித்காலுக்கு நான்கு விநாடி முன்னால் இன்னொரு பெயரும் நீக்கப்பட்டிருந்தது, சக்கர நாற்காலியில் வரும் ஓர் அம்மாள். ஆனால் அந்த அம்மாள் அன்று மருத்துவமனைக்கு வந்திருக்கிறாள், அதே வேனில்தான் வந்திருக்கிறாள். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவளை எவனாவது நீக்குவானா? முஹன்னத்திடம் கேட்டாள். கவனமில்லாத ஆள், கண்டபடி தட்டியிருக்கிறான் என்று அவன் சொன்னான். அவள் இழுப்பறையில் சோதனைக்கென்று வைத்திருந்த ஏழு போன்களையும் எடுத்து மேசையில் பரப்பினாள். நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள், படுக்கவைத்துப் பார்த்தாள், மாடிப்படியில் இறங்கியபடி பார்த்தாள். பச்சைப் பொத்தான் எல்லாவற்றிலும் சமர்த்தாக, தன் இடத்தில் இருந்தது. அப்படியே நாள்கள் போயின. சாப்பாடு இறங்கவில்லை. ரொட்டியை எடுப்பாள், எண்ணெயில் தொடுவாள், வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். ஏதாவது சரியில்லாமல் இருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். எல்லாம் சரியாக இருந்ததுதான் அவளைத் தின்றது.

பத்தாம் நாள், வியாழக்கிழமை, முஹன்னத் முகமலர்ச்சியோடு வந்தான். விவகாரம் முடியப் போகிறதாம். ஃபவாஸின் குலத்துப் பெரியவர்கள் நாளை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜி மித்கால் வீட்டுக்கு ஜாஹா போகிறார்கள். தவறு செய்தவன் சார்பில் இருபது முப்பது பெரிய மனிதர்கள் போய் உட்கார்ந்து, கொடுத்த கஹ்வாவை, அதாவது அரபிக் காப்பியை, குடிக்காமல் முன்னால் வைத்து, கேட்டது கிடைத்தால்தான் குடிப்போம் என்பார்கள். கிடைத்தால் குடிப்பார்கள், அதோடு பகை தீர்ந்தது, அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. இனி நம்மை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று முஹன்னத் சொன்னான்.

ருவைதா சன்னலிலிருந்து இறங்கினாள். அப்படியானால் ஃபவாஸ் தான்தான் செய்ததாக ஒப்புக்கொள்கிறானா என்று கேட்டாள். ஒப்புக்கொள்ளாமல் ஜாஹா எப்படிப் போக முடியும் என்றான் அவன்.

கஹ்வா இறங்கினால் அத்தனை பேர் சாட்சியாக அந்தக் குற்றம் ஃபவாஸின் பெயரில் ஏறிவிடும், பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் அதை இறக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. அது அவன் குற்றம்தான் என்றால் சரி. இல்லை என்றால்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு ஃபவாஸின் ஊருக்குப் போனாள். அவன் வீட்டு முற்றத்தில் வேன் நின்றது. சாவியை அறக்கட்டளை இன்னும் வாங்கிக்கொண்டு போகவில்லை. ஃபவாஸ் நாற்பத்தைந்து வயது ஆள், பட்டாளத்தில் லாரி ஓட்டியவன், விரல்கள் ஒவ்வொன்றும் வெள்ளரிப் பிஞ்சு கனம். ஜாஹாவுக்காகச் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவள் யார் என்று சொன்னதும் அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் தேநீர் வந்தது. ருவைதா தேநீரைக் கையில் பிடித்தபடியே, உங்கள் இருக்கையில் நான் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். போன் தாங்கியில் படுக்கைவாக்கில் இருந்தது. வழி பெரிதாகத் தெரியும் என்று அப்படி வைத்திருக்கிறான். சார்ஜர் வயர் ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து நாடாவால் ஒட்டி ஒட்டிக் கொண்டுவரப்பட்டிருந்தது. அதனால் போனின் அடிப்பக்கம் இடது கையைப் பார்த்து இருந்தது. மூன்று விசைகளும் அதோடு இடது ஓரத்துக்கு வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. புதுப் போன்களில் விசைகளே கிடையாது, விரலால் இழுத்தால் போதும். ஃபவாஸ் தன் விரலுக்கு அது சரிப்படாது என்று பழையபடி விசைகளை வைத்துக்கொண்டிருந்தான். போனின் மொழி அரபி.

அவள் செயலியைப் பயிற்சி முறையில் திறந்தாள். பச்சைப் பொத்தான் இடது ஓரத்தில் இருந்தது. அதன்மேல், நிழல் மாதிரி, அந்த மூன்று விசைகள். பச்சை நன்றாகத் தெரிந்தது. அவள் அதைத் தொட்டாள். அட்டை மூடிக்கொண்டது. அடுத்த அட்டை வந்தது. பெயரைத் தவிர அச்சு அசல் அதே மாதிரி. சரியாகப் படவில்லையோ என்று எவனுக்கும் தோன்றும். இன்னொரு தடவை தொட்டாள். அதுவும் மூடிக்கொண்டது; அன்றைக்கு இதற்குப் பின் போன் நேரே மருத்துவமனைக்கு வழி காட்டியிருக்கும்.

நான்கு விநாடி.

அவள் கைத் தேநீர் மடியில் கொட்டியது, சுட்டது, அவள் துடைக்கக்கூட இல்லை. நான் கொன்றிருப்பேன், அந்தக் கிழவரை நான் கொன்றிருப்பேன் என்றுதான் மனம் ஓடியது.

இந்தத் தப்பை வெள்ளைக்காரன் செய்திருக்க மாட்டான், அதுதான் கொடுமை. அரபித் திரை எழுதுகிறவர்கள் 'இடது', 'வலது' என்று எழுதுவதில்லை. 'தொடங்கும் பக்கம்', 'முடியும் பக்கம்' என்றுதான் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் தொடங்கும் பக்கம் இடது, அரபியில் வலது. மொழி மாறினால் திரை தானாகப் புரண்டுகொள்ளும். அவர்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த பாடம். ருவைதா விசைப் பட்டைக்கும் அப்படியே எழுதிவிட்டாள்: பட்டை இடதில் வந்தால் தொடங்கும் பக்கத்தில் இடம் விடு. பட்டைக்கு மொழி கிடையாது. சார்ஜர் சொருகும் பக்கம் எதுவோ அங்கே நிற்கும், அவ்வளவுதான். அரபியில் அவள் விட்ட இடம் வலது பக்கம் போய்ச் சும்மா காலியாகக் கிடந்தது. அரபி ஒரு எழுத்துத் தெரியாதவன் எழுதியிருந்தால் 'இடது' என்று எழுதித் தொலைத்திருப்பான், சரியாக இருந்திருக்கும்.

அவள் ஏன் பார்க்கவில்லை? எங்கள் ஊரில் கணினிக்காரன் எவனும் தன் போனை அரபியில் வைத்துக்கொள்ள மாட்டான். வீட்டில் அரபி, சண்டையில் அரபி, தொழுகையில் அரபி. போன் மட்டும் ஆங்கிலம். இழுப்பறைப் போன்கள் ஏழும் ஆங்கிலம். நிமிர்த்தி வைத்தபோது அரபிக்கு மாற்றிப் பார்த்தாள், படுக்கவைத்தபோது மாற்றவில்லை. பத்து நாள் அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

ஃபவாஸ் சன்னலோரம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தொடச் சொன்னாள். அவன் தயங்கித் தொட்டான். அட்டை மூடியது. நீங்கள் அழுத்தியது பச்சை, போன் எடுத்துக்கொண்டது பின்செல்லும் விசை, தவறு என் பக்கம் என்று சொன்னாள். அவன் மறுபடி தொட்டான். மறுபடி. ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டே போயிற்று.

"அப்போ நான் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நீங்க இல்ல, அபூ யஸன். நான்."

"பத்து நாளா யோசிச்சு யோசிச்சு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்மா. தூக்கக் கலக்கத்துல என் கைதான் செஞ்சிருக்கும்னு. என் கையையே எனக்குப் பாக்கப் பிடிக்கல." சொல்லிவிட்டு வேனின் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். அந்த முரட்டு ஆளின் தோள் குலுங்குவதைப் பார்க்க முடியாமல் அவன் மனைவி உள்ளே போய்விட்டாள்.

அவன் இனிமேல் ஜாஹா போகத் தேவையில்லை என்றுதான் ருவைதா நினைத்தாள். ஆனால் பெரியவர்கள் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மூன்று ஊர்களிலிருந்து வண்டிகள் கிளம்பிவிட்டன. இப்போது நான் செய்யவில்லை என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்பார்கள், என் பேச்சுக்கு என்ன விலை என்றான் ஃபவாஸ். முகத்தைக் கழுவிக்கொண்டு, அண்ணனின் காரில் ஏறிப் போய்விட்டான். போகும்போது போனைத் தாங்கியிலிருந்து கழற்றி, வயரோடு, அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

முஹன்னத்துக்குப் போன் செய்தாள். அவன் கெஞ்சினான் என்றே சொல்லலாம். ஞாயிற்றுக்குள் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவோம், அந்த ஓட்டுநரின் வேலைக்கு நானே சிபாரிசு செய்கிறேன், கஹ்வா குடித்தாகிவிட்டால் எல்லாம் முடிந்தது, நீ போய்ச் சொன்னால் அறக்கட்டளை நம்மை விட்டுப் போகும், ஐந்து வீட்டு அடுப்பு அணையும் என்றான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ருவைதா காரைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஏறி உட்கார்ந்தாள், இறங்கினாள். அம்மாவின் மருந்து, வீட்டு வாடகை, முஹன்னத்தின் கைக்குழந்தை எல்லாம் கண்முன் வந்தன. அவள் துணிச்சல்காரி என்று நான் சொல்ல மாட்டேன். முஹன்னத் சொன்னபடியே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் 'என் கையையே எனக்குப் பாக்கப் பிடிக்கல' என்றது காதைவிட்டுப் போகவில்லை. காரைக் கிளப்பினாள்.

ஹாஜி மித்காலின் வீட்டு வாசலில் இருபது கார்கள் நின்றன. பெண்கள் பக்கவாட்டுக் கதவைக் காட்டினார்கள். ஜாஹா உட்கார்ந்திருக்கும் கூடத்துக்குள் பெண்கள் போவதில்லை. அவள் முன்வாசல் வழியாகவே போனாள். உள்ளே இரு வரிசையாக ஆண்கள். ஃபவாஸின் குலத்து மூத்தவர் அபூ ஃபஹதின் முன்னால் கஹ்வாக் கிண்ணம் தொடப்படாமல் இருந்தது. எங்கள் பிள்ளை தவறிவிட்டான், பொறுத்தருள வேண்டும் என்று அவர் பேசி முடிக்கும் தறுவாய். ஃபவாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் லுவாய், தாடை இறுகி. மூலையில் மெத்தையில் போர்வை போர்த்திச் சாய்ந்திருந்தார் ஹாஜி மித்கால்.

"கஹ்வாவைக் குடிக்காதீங்க" என்றாள் ருவைதா. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

சொன்னாள். இடது, வலது, பட்டை, பச்சை என்று குழறினாள், யாருக்கும் விளங்கவில்லை. பிறகு போனை நீட்டி, தொட்டுப் பாருங்கள் என்றாள். அபூ ஃபஹத் தொட்டார், அட்டை மூடியது. பக்கத்திலிருந்தவர் வாங்கித் தொட்டார். இருபத்தாறு பெரிய மனிதர்களும் வரிசையாக அந்தப் போனைப் படுக்கவைத்துப் பச்சையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார். கடைசியில் போன் லுவாயிடம் வந்தது. அவன் தொட்டான். திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பத்து நாளா எங்க இருந்தே நீ?"

"ஆபீஸ்ல. இங்கிலீஷ்ல இருக்கற போனைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எங்க அப்பா செத்திருந்தா?"

கேட்க வந்தவர்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லை, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்க ஆள் மாறிவிட்டது. நடுவில் அந்தக் கிண்ணம். மூலையிலிருந்து ஹாஜி மித்கால் இருமினார். அதைச் சரிபண்ண எவ்வளவு வேலை என்று கேட்டார்.

"ஒரு வரி, ஹாஜி" என்றாள். சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒரு வரி." கிழவர் தலையை ஆட்டினார். "நான் நாலு மணி நேரம் நின்னேன்மா."

பிறகு மகனைத் தோள் கொடுக்கச் சொல்லி எழுந்தார். மெள்ள நடந்து ஃபவாஸின் முன்னால் போய் நின்றார். ஃபவாஸ் பதறி எழுந்தான். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மூன்று என்றான்.

"அந்த ரோட்டுல நின்னப்ப உன்னைத் திட்டினேன், அது பரவாயில்ல. உன் பிள்ளைங்களையும் சேத்து சபிச்சேன். முகம் தெரியாத பிள்ளைங்க. அதுக்கு நீ என்னை மன்னிக்கணும். நீ மன்னிச்சாத்தான் இங்க கஹ்வா."

நம் பக்கத்தில் இப்படி யாரும் கேள்விப்பட்டதில்லை. ஜாஹா வந்த வீட்டுக்காரன் வந்தவனிடம் மன்னிப்புக் கேட்பது. ஃபவாஸ் கிழவரின் தோளில் முத்தமிட்டான். அபூ ஃபஹத் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார், மற்றவர்களும் குடித்தார்கள்.

ருவைதா வாசலிலேயே நின்றாள். அவளுக்காகப் பேச அங்கே குலம் இல்லை, பெரியவர் இல்லை. ஹாஜி மித்கால் மெத்தைக்குத் திரும்பும் வழியில் அவளைப் பார்த்தார்.

"உன்னை இப்ப மன்னிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை பாக்கலாம், வண்டி வந்தா."

அந்த வரியைத் திருத்த அவளுக்கு இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. சனிக்கிழமை முழுவதும் பதினொரு ஓட்டுநர்களின் வீட்டுக்கும் அவளே காரோட்டிப் போனாள். ஒவ்வொரு போனையும் அரபியில், ஆங்கிலத்தில், நிமிர்த்தி, இடப்பக்கம் படுக்கவைத்து, வலப்பக்கம் படுக்கவைத்து, விசையோடும் விசையில்லாமலும் தொட்டுப் பார்த்தாள். "உறுதியா?" என்ற கேள்வியையும் திரும்ப வைத்தாள், எந்த ஓட்டுநரும் முனகவில்லை. முஹன்னத் அவளோடு பேசவில்லை. ஆனால் மதியம் அறக்கட்டளைக்குத் தானே போய், பதிவேடு தவறு, ஓட்டுநர் குற்றமற்றவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவர்கள் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். ஃபவாஸை அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். திருமண வீட்டு ஓட்டுநர் இன்னும் வரவில்லை என்பதால் அதே பாதை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே ருவைதா அந்தச் சாலை ஓரத்தில் இருந்தாள். குளிர் எலும்பைத் தொட்டது. ஐந்தேகாலுக்கு ஹாஜி மித்கால் கம்பளிச் சால்வையோடு வந்து பக்கத்தில் நின்றார். சலாம் சொன்னாள், பதில் சலாம் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் சாலையில் இறங்கிப் பார்த்தாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். ஐந்து இருபத்தெட்டு ஆயிற்று. ஐந்து முப்பது. வளைவில் வெளிச்சம் தெரிந்தால் பால் வண்டி. இன்னொரு வெளிச்சம், அது யாரோ. அந்தச் சில நிமிடங்களில்தான் அவளுக்கு நான்கு மணி நேரம் என்றால் என்னவென்று தெரிந்தது. ஐந்து முப்பத்திரண்டுக்கு வேன் வளைவு திரும்பி, வந்து, கிழவரின் முன்னால் நின்றது. உள்ளே சக்கர நாற்காலி அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

ஃபவாஸ் இறங்கி வந்து ஹாஜியை ஏற்றினான். பிறகு அவள் பார்க்கும்படியாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பச்சையைத் தொட்டான். "ஏறிவிட்டார்" என்று திரையில் வந்தது. ருவைதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது; ஓடிப்போய் ஹாஜியின் சன்னலருகே நின்றாள். கிழவர் கண்ணாடியை இறக்கினார். அவள் என்ன கேட்க வந்தாள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா.

"இன்னைக்கு வந்துடுச்சு" என்றார். "செவ்வாய்க்கிழமை?"

வேன் கிளம்பிப் போயிற்று.